எந்திரத்தின் குரல்: கணனியின் எச்சரிக்கை ஒலி பற்றிய வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கணனியில் விளையாட்டொன்று நிகழ்ந்துகொண்டிருக்கையில் அதன் பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்னும் கூரிய ஒலி எழுவதுண்டு. அவ்வொலி விளையாட்டின் இசையோடு சேர்வதில்லை. விளையாடுவோர் அழுத்திய சாவிக்கு விடையாகவும் தோன்றுவதில்லை. எழுத்து வேலைக்கு மணிக்கணக்காக அமைதியாய் உழைத்த அதே கணனி, விளையாட்டுத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழிந்ததும் ஒலிக்கின்றது. விளையாட்டை நிறுத்தினால் சிறிது நேரத்தில் ஒலியும் அடங்கிவிடுகின்றது. இதனைக் கேட்போர் மூவகையாக நடந்துகொள்வர். சிலர் ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்றிவிடுவர். வேறு சிலர் பழுது எதுவென்று அறியாமலே விலைகூடிய உறுப்பொன்றை மாற்றுவர். மிகச் சிலரே அவ்வொலி யாது கூறுகின்றது என வினவுவர்.

அவ்வாறு வினவுவோர் அருகினமைக்கு மக்களின் சோம்பல் காரணமன்று. கணனி ஒரு காலத்தில் தன் குறையைத் தன் உடையவனுக்கு ஒலியால் அறிவித்தது. அவ்வொலியின் பொருளை உரைக்கும் கைநூலும் அவன் கையில் இருந்தது. காலப்போக்கில் அவ்வொலி பல கிளைமொழிகளாகப் பிரிந்து, பின்னர் பெரும்பாலும் ஊமையாயிற்று. இன்று விளையாட்டின் நடுவே கேட்கும் ஒலி, பொறிக்கும் அதனைக் கையாள்வோனுக்கும் இடையே நிலவிய பழைய உடன்படிக்கை ஒன்றின் எச்சமாகும். அவ்வுடன்படிக்கை தோன்றியவாற்றையும் தளர்ந்தவாற்றையும் ஆராய்வதும், அதன்வழி இன்றைய ஒலிக்குப் பொருள் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

மணியும் முதற் கணனிகளும்

பொறியொன்று தன்னை இயக்குவோனை ஒலியால் அழைக்கும் மரபு கணனிக்கு முற்பட்டது. கம்பி வழியே எழுத்துகளை அனுப்பிய தொலைத்தட்டச்சுப் பொறிகளில் குறியீடு ஒன்று எழுத்தெதனையும் பதிப்பதில்லை. மறுமுனையிலுள்ள மணியை மட்டும் அடிக்கும். செய்தி நிறுவனங்கள் மணியடியின் எண்ணிக்கையினால் வரும் செய்தியின் அவசரத்தை உணர்த்தின. ஒலியின் தொகையே பொருளாகும் வழக்கம் இங்கேயே வேரூன்றிவிட்டது. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'ஆஸ்கி' என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் 7ஆம் எண் இம்மணிக்கே ஒதுக்கப்பட்டது. மணி மறைந்த பின்னரும் அவ்வெண் மறையவில்லை. குறியீட்டு அட்டவணைகளில் அதன் பெயர் இன்றும் மணி என்பதேயாகும்.

முதற் கணனிகளுள் சிலவும் குரல் பெற்றிருந்தன. இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1951ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 'பெரன்ரி மார்க் 1' என்னும் கணனியில் ஒலிபெருக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட கட்டளையை நிறைவேற்றுந்தோறும் அது மெல்லத் தட்டுவது போன்ற ஓசையை எழுப்பும். அக்கட்டளை விரைவாக மீண்டும் மீண்டும் நிகழுமாயின் அத்தட்டல்கள் இணைந்து ஒரு சுரமாகும். இக்கணனிக்கான கைநூலை எழுதிய அலன் ரியூரிங் இவ்வொலியமைப்பையும் அதிலே விளக்கினார். வேலை முடிந்தது என்றோ, கணக்கில் இடர் நேர்ந்தது என்றோ இயக்குவோனுக்கு அறிவிப்பதே அதன் பயன்.

அதே கணனி விளையாட்டோடும் இசையோடும் தொடர்புற்றமை குறிப்பிடத்தக்கது. பாடசாலை ஆசிரியராயிருந்த கிறிஸ்ரோபர் ஸ்ரிரேச்சி, ரியூரிங்கின் கைநூலைக் கற்று, அவ்வெச்சரிக்கை ஒலிபெருக்கியினாலேயே பிரித்தானியத் தேசிய கீதத்தை இசைக்கச் செய்தார். 'டிராவ்ற்ஸ்' எனப்படும் காய் விளையாட்டை ஆடும் நிரலையும் அவர் எழுதினார். 1952இல் அது மஞ்செஸ்ரர் கணனியில் இயங்கிற்று. அக்கணனி இசைத்த மூன்று மெட்டுகளை பி.பி.சி. 1951இல் ஒலிப்பதிவு செய்தது. அப்பதிவு 2016ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஆய்வாளரால் சீர்செய்யப்பட்டு, உண்மைச் சுருதியில் மீண்டும் கேட்கக் கூடியதாயிற்று. அவுஸ்திரேலியாவில் 1949இல் முதன்முதல் இயங்கிய 'சிசிராக்' என்னும் கணனியும் இத்தகைய ஒலிபெருக்கியை உடையதே. நிரல் எவ்வாறு செல்கின்றது என்பதைக் காதாற் கேட்டறிவதற்கென அமைந்த அதுவும் 1951ஆம் ஆண்டு சிட்னி மாநாட்டில் பலர் முன்னிலையில் இசைத்தது.

இவற்றால் ஓர் உண்மை பெறப்படும். கணனியின் எச்சரிக்கை ஒலியும் அதன் விளையாட்டு ஒலியும் ஒரு வாயிலிருந்தே பிறந்தவை. பிற்காலத்தில் அவை பிரிந்த விதமே இவ்வரலாற்றின் மையமாகும்.

1981: ஒலி மொழியான காலம்

பெருங் கணனிகளுக்கு அருகில் பயிற்சி பெற்ற பணியாளர் எப்பொழுதும் இருந்தனர். கணனி வீட்டு மேசைக்கு வந்தபோது அந்நிலை மாறிற்று. 1981 ஓகஸ்ட் 12இல் ஐ.பீ.எம். நிறுவனம் தனது 'பேர்சனல் கொம்பியூட்டரை' அறிவித்தது. இன்ரெல் 8088 என்னும் முறைவழியாக்கியைக் கொண்ட அக்கணனியின் பெட்டிக்குள் இரண்டேகால் அங்குல ஒலிபெருக்கி ஒன்று வைக்கப்பட்டது.

அக்கணனி, மின் கொடுக்கப்பட்டவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்தது. முறைவழியாக்கி, நினைவகம், சாவிப்பலகை, திரைக்குரிய அட்டை என்பன ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதிக்கப்பட்டன. சோதனையின் முடிவைத் திரையில் எழுதிக் காட்டுவதே எளிது. ஆயின் பழுதானது திரைக்குரிய அட்டையே எனின் அச்செய்தி எங்ஙனம் வெளிப்படும்? கண்ணுக்குரிய வழி அடைபடும்போது காதுக்குரிய வழி ஒன்று வேண்டும் என்னும் தேவையினின்றே எச்சரிக்கை ஒலியின் இலக்கணம் பிறந்தது.

ஒரு குற்றொலி எழுந்தால் யாவும் நலம். ஒலியே எழாவிடின் மின்வழங்கியில் ஐயுறவு கொள்ளவேண்டும். ஒலி இடையறாது தொடர்ந்தாலும் அவ்வாறே. நெட்டொலி ஒன்றும் குற்றொலி ஒன்றும் எழுந்தால் தாய்ப்பலகையிற் குறை. நெட்டொலி ஒன்றும் குற்றொலி இரண்டும் எழுந்தால் திரைக்குரிய அட்டையிற் குறை. நெடிலும் குறிலுமாக அமைந்த இம்மொழி எளிது. சிறுவனும் அரை மணி நேரத்திற் கற்கலாம்.

இம்மொழியினும் முக்கியமானது, அதன் உரைநூல் கணனியுடனேயே கொடுக்கப்பட்டமையாகும். அக்கணனியை இயக்கும் வழிகாட்டி நூலில், பழுது எதுவெனப் படிப்படியாகக் கண்டறியும் முறை உடையவனுக்காகவே எழுதப்பட்டிருந்தது. தனியாக விற்கப்பட்ட தொழினுட்ப நூலோ சுற்றுப் படங்களையும், தொடக்கச் சோதனையை நடாத்தும் 'பயோஸ்' என்னும் அடிப்படை நிரலின் முழுப் பாடத்தையும் அச்சிட்டு வெளியிட்டது. பொறி தன் குறையைக் கூறும். உடையவன் அதனைப் புரிந்துகொள்வான். அதற்கான நூலை ஆக்கியோன் வழங்குவான். மேலே உடன்படிக்கை எனச் சுட்டியது இம்முத்தரப்பு உறவையே ஆகும்.

ஒரு மொழி பல கிளையாதல்

ஐ.பீ.எம். கணனி வெளியான சிறிது காலத்திலேயே அதனை ஒத்த கணனிகளைப் பிற நிறுவனங்களும் ஆக்கத் தலைப்பட்டன. கொம்பாக் நிறுவனம் 1982 நவம்பரில் அத்தகைய கணனியொன்றை அறிவித்தது. ஐ.பீ.எம்மின் பயோஸ் நிரலைப் படியெடுத்தல் பதிப்புரிமைக்கு மாறானதாகையால், அதே தொழிலைச் செய்யும் வேறு நிரல்களைப் புதிதாக எழுதவேண்டியதாயிற்று. பீனிக்ஸ், அவார்ட், அமெரிக்கன் மெகாரென்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் முன்னின்றன.

நிரல் வேறானபோது ஒலியின் பொருளும் வேறாயிற்று. ஐ.பீ.எம். மரபில் ஒற்றைக் குற்றொலி நலத்தின் அறிகுறி. அமெரிக்கன் மெகாரென்ட்ஸ் நிறுவனத்தின் பழைய பிழை அட்டவணையிலோ அதே ஒற்றை ஒலி நினைவகத்தைப் புதுப்பிக்கும் சுற்றின் கோளாறு. அந்நிறுவனம் ஒலிகளை எண்ணியது. ஐந்து ஒலி முறைவழியாக்கியையும் எட்டு ஒலி திரையின் நினைவகத்தையும் சுட்டின. பீனிக்ஸ் நிறுவனமோ ஒலிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, இடையே நிறுத்தம் வைத்தது. ஒன்று, ஒன்று, மூன்று என அமைந்த தொகுதிக்கு ஒரு பொருள், எண்கள் மாறின் வேறு பொருள். அவார்ட் மரபு நெட்டொலி ஒன்று, குற்றொலி இரண்டு என்னும் பழைய அடையாளத்தைத் திரைக் கோளாற்றுக்கே வைத்துக்கொண்டது.

போட்டியினால் கணனியின் விலை குறைந்தது. கணனி உலகெங்கும் பரவியது. அந்நன்மையை எவரும் மறுக்கவியலாது. ஆயின் உறுப்புகளைப் பல நாடுகளிலிருந்து பெற்றுக் கடையிலே பொருத்தி விற்கும் வழக்கம் பெருகியபோது, தன் கணனியின் பயோஸ் எந்நிறுவனத்தது என்பதையே அறியாத உடையவன் தோன்றினான். குரல் இருந்தது, அதன் அகராதி கைநழுவிற்று.

விளையாட்டுத் தனிக் குரல் பெறுதல்

1981ஆம் ஆண்டின் கணனி விளையாட்டுகளுக்கும் அதே சிற்றொலிபெருக்கியே வாய். ஐ.பீ.எம். கணனியின் இயக்கத் தட்டில் வந்த 'டொங்கி' என்னும் எளிய கார் விளையாட்டும் அதன் வழியாகவே ஒலித்தது. அவ்வொலிபெருக்கி ஒரு வேளையில் ஒரு சுரத்தையே எழுப்ப வல்லது. விளையாட்டின் வெற்றியும், பொறியின் பழுதும், சாவிப்பலகையின் நிரம்பலும் ஒரே குரலில் அறிவிக்கப்பட்டன. அக்கணனி பதினைந்து சாவியழுத்தங்களையே காத்திருப்பில் வைத்திருக்க வல்லது; அதற்கு மேல் அழுத்தினால் பீப் என்னும். விளையாட்டு வேகத்தில் சாவிகளை அழுத்திப் பிடித்தோர் இவ்வொலியைப் பழுதெனக் கருதி அஞ்சியிருத்தல் இயல்பே.

1987இல் கனடாவின் அட்லிப் நிறுவனமும், 1989இல் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனமும் வெளியிட்ட ஒலி அட்டைகள் இந்நிலையை மாற்றின. கிரியேற்றிவ் நிறுவனத்தின் 'சவுண்ட் பிளாஸ்ரர்' பல சுரங்களை ஒருங்கே இசைத்தது. பதிவுசெய்த மனிதக் குரலையும் ஒலித்தது. 1993 டிசெம்பரில் வெளியான 'டூம்' போன்ற விளையாட்டுகள் சிற்றொலிபெருக்கிக்கும் இடமளித்தனவெனினும், மக்கள் விரும்பியது ஒலி அட்டையையே. இவ்வாறு விளையாட்டுத் தன் தனிக் குரலைப் பெற்றது. பழைய ஒலிபெருக்கிக்கு எஞ்சியது பெரும்பாலும் துயரச் செய்தியை அறிவிக்கும் பணியேயாகும். இன்று விளையாட்டின் நடுவே அது ஒலிக்கும்போது அந்நியக் குரலாகத் தோன்றுவதன் காரணம் இப்பிரிவே.

வெப்பத்தின் வரலாறு

தொடக்கச் சோதனையின் ஒலி, உறுப்பு உண்டா, இயங்குகின்றதா என்பதை மட்டும் கூறியது. இயங்கும் உறுப்பு உழைப்பினால் வருந்துகின்றது எனக் கூறும் ஒலி அதன் பின்னரே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தது வெப்பம்.

1981ஆம் ஆண்டின் ஐ.பீ.எம். கணனி முழுமைக்குமான மின்வழங்கியின் வலு 63.5 வாற்று மாத்திரமே. 1993இல் வெளியான முதற் பென்ரியம் முறைவழியாக்கி தான் ஒன்றே ஏறத்தாழ 15 வாற்றை வெப்பமாக வெளியிட்டது. அதன்மேல் உலோகத் தகட்டடுக்கும் சிறு விசிறியும் வேண்டியதாயிற்று. 2004இல் வந்த பென்ரியம் 4 வகைகளுட் சில 100 வாற்றைக் கடந்தன. அதே ஆண்டில் அவ்வழியிலமைந்த அடுத்த முறைவழியாக்கித் திட்டத்தை இன்ரெல் நிறுவனம் கைவிட்டது. 2022இல் வெளியான 'ஆர்.ரி.எக்ஸ். 4090' என்னும் கிராபிக்ஸ் அட்டைக்குக் குறிக்கப்பட்ட வலு 450 வாற்று. நாற்பதாண்டுகளுக்கு முற்பட்ட முழுக் கணனியைப் போல் ஏழு கணனிகளுக்குப் போதிய வலுவை இன்று விளையாட்டுக்கான ஓர் அட்டை உட்கொள்ளக்கூடும்.

இதன் காரணத்தையும் நோக்குதல் வேண்டும். 1974ஆம் ஆண்டு ஐ.பீ.எம்மைச் சேர்ந்த றொபேட் டெனாட்டும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வொன்று, திரான்சிற்றர் சிறுக்குந்தோறும் அதன் வோல்ற்றளவையும் குறைக்கலாம், ஆதலின் ஒரே பரப்பில் எழும் வெப்பம் மிகாது எனக் காட்டியது. மூன்று தசாப்தங்கள் அவ்விதி பெரிதும் வழிநடத்தியது. 2005ஆம் ஆண்டளவில் வோல்ற்றளவை மேலும் குறைக்கவியலாத எல்லை வந்துற்றது, வெப்பம் மிகுந்தது.

எழுத்து வேலையில் முறைவழியாக்கி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் அதற்கு நெடிய இளைப்பாறல் உண்டு. விளையாட்டிலோ ஒவ்வொரு வினாடியும் பல பத்துப் படங்கள் புதிதாக ஆக்கப்படுகின்றன. முறைவழியாக்கியும் கிராபிக்ஸ் அட்டையும் ஒருங்கே, ஓய்வின்றி உழைக்கின்றன. ஆதலின் கணனி ஏனைய வேலைகளில் மறைத்துவைத்த குறைகளை விளையாட்டே வெளிப்படுத்துகின்றது. விளையாட்டுக் கணனியைப் பழுதாக்கியது எனப் பலர் கூறுவர். பெரும்பாலும் உண்மை வேறு. முன்னரே இருந்த குறைக்கு விளையாட்டுச் சாட்சி கூறியது என்பதே பொருந்தும்.

காவற் சில்லும் 2001ஆம் ஆண்டுச் சோதனையும்

1990களின் நடுப்பகுதியில் நஷனல் செமிகொண்டக்ரர் நிறுவனம் 'எல்.எம். 78' என்னும் சில்லை வெளியிட்டது. அது ஏழு வோல்ற்றளவுகளையும், மூன்று விசிறிகளின் வேகத்தையும், வெப்பநிலையையும் இடையறாது அளந்தது. இவ்வகைச் சில்லுகள் தாய்ப்பலகைகளிற் பரவியபின், பயோஸ் அமைப்புத் திரையில் கணனியின் உடல்நிலையைக் காட்டும் பக்கம் ஒன்று இடம்பெற்றது. வெப்பநிலை குறித்த எல்லையைக் கடந்தாலோ, விசிறி நின்றாலோ, பழைய சிற்றொலிபெருக்கி மீண்டும் குரல் கொடுத்தது. அவார்ட் மரபில், கணனி இயங்கும்போது எழும் உச்சச் சுருதி ஒலி முறைவழியாக்கியின் மிகை வெப்பத்தைக் குறித்தது. விளையாட்டின் நடுவே கேட்கும் ஒலியின் நேரடி முன்னோர் இதுவேயாகும்.

அவ்வெச்சரிக்கையின் தேவையை உலகறியச் செய்தது 2001 செப்ரெம்பரில் நிகழ்ந்த ஒரு சோதனையாகும். தோமஸ் பப்ஸ்ற் என்பார் நிறுவிய 'ரொம்ஸ் ஹார்ட்வெயார்' என்னும் கணனி ஆய்விதழ், 'குவேக் 3' என்னும் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையிலேயே முறைவழியாக்கிகளின் மேலிருந்த குளிராக்கியை அகற்றிப் படம் பிடித்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லொன் வகைகள் சில வினாடிகளுட் கருகின. பென்ரியம் 3 இயக்கத்தை நிறுத்திக்கொண்டு தப்பிற்று. பென்ரியம் 4 மாத்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்து, விளையாட்டை மந்தகதியிலேனும் தொடர்ந்தது.

இச்சோதனை இரு வழிகளைக் காட்டியது. ஒன்று, பொறி கூவி மனிதனை அழைத்தல். மற்றையது, பொறி மனிதனை அழைக்காமல் தன்னைத் தானே காத்தல். தீங்கு வினாடிகளுள் நிகழுமாயின் மனிதனை அழைப்பதாற் பயனில்லை. ஆதலின் பின்வந்த முறைவழியாக்கிகள் யாவும் இரண்டாம் வழியையே முதன்மையாகக் கொண்டன. இன்றைய முறைவழியாக்கி தன் வெப்பத்தைத் தன்னுள்ளேயே அளந்து, எல்லையை அண்மித்தால் வேகத்தைக் குறைக்கின்றது. அதுவும் போதாவிடின் மின்னைத் துண்டித்துக்கொள்கின்றது.

மௌனத்தின் விலை

கணனிகள் நம்பகமானவையாக வளர்ந்தமையினாலேயே எச்சரிக்கை ஒலி மறைந்தது என்பாரும் உளர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். முறைவழியாக்கி கருகுதல் இன்று அரிதென்பது உண்மை. ஆயின் வெப்பம் மிகுவது அரிதாகவில்லை. அது வெளிப்படும் விதமே மாறியது. முன்னர் ஒலித்த குறை இன்று விளையாட்டின் தடுமாற்றமாகவும், காரணம் தெரியாத மந்தமாகவும், திடீர் அணைவாகவும் தோன்றுகின்றது. மனிதன் கேட்கும் மொழியில் அது பேசுவதில்லை.

தாய்ப்பலகையில் ஒலிபெருக்கிக்கான முனைகள் பலவற்றில் இன்றும் உள. ஆயின் ஒலிபெருக்கியைப் பலரும் தனியே வாங்கிப் பொருத்தவேண்டியுள்ளது. விலைகூடிய பலகைகளில் இரு இலக்கக் குறியீட்டைக் காட்டும் சிறு திரை அல்லது எந்த உறுப்பிற் குறை என்பதைச் சுட்டும் சிறு விளக்குகள் அமைகின்றன. விலைகுறைந்த பலகையை வாங்குவோனுக்கு அதுவும் கிட்டுவதில்லை. பழுதைத் தானே அறியும் வசதி 1981இல் கணனியுடன் வந்த உரிமையாயிருந்தது. இன்று அது மேலதிக விலைக்குரிய பொருளாகி வருகின்றது. இதன் விளைவைச் சுமப்போர், ஒரு கணனியைக் கல்விக்கும் தொழிலுக்கும் விளையாட்டுக்கும் ஒருங்கே பயன்படுத்தும் குடும்பத்தினரே. தூசு அடைத்த விசிறி ஒன்றினால் எழுந்த குறைக்கு அவர்கள் புதிய அட்டையின் விலையைக் கொடுக்க நேர்வது, பொறியியற் பிரச்சினை மாத்திரமன்று. அறிவு எவர் கையில் இருக்கின்றது என்னும் பிரச்சினையுமாகும்.

ஒலிக்குப் பொருள் காணல்

மேற்கூறிய வரலாறு, ஒலியைக் கேட்போன் எழுப்பவேண்டிய வினாக்களையும் தருகின்றது. அவை எப்பொழுது, எங்கிருந்து, எவ்வாறு என்னும் மூன்றாம்.

முதலாவது, ஒலி எப்பொழுது எழுகின்றது? மின் கொடுத்தவுடன் எழுமாயின் அது 1981ஆம் ஆண்டு மரபைச் சேர்ந்தது; நினைவகத் தட்டு, கிராபிக்ஸ் அட்டை முதலியன சரியாகப் பொருந்தியுள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். விளையாட்டுத் தொடங்கிச் சில நிமிடங்களின் பின் எழுமாயின் அது காவற் சில்லின் மரபு. வெப்பத்தையும் வலுவையும் நோக்கவேண்டும். விளையாட்டில் கனமான காட்சி தோன்றிய கணத்திலேயே எழுமாயின் வெப்பத்தினும் மின்வலுவே ஐயத்துக்குரியது. வெப்பம் ஏறுவதற்குச் சிறிது நேரம் வேண்டும், வலுவின் தேவையோ கணப்பொழுதில் உயரும்.

இரண்டாவது, ஒலி எங்கிருந்து எழுகின்றது? பெட்டியைக் குனிந்து கேட்பதே சிறந்த கருவி. மின்தடைக்குப் பழகிய இலங்கை போன்ற நாடுகளில் கணனியின் அருகே யு.பி.எஸ். என்னும் மின்கல அமைப்பும் இருத்தல் வழக்கம். மிகைச் சுமையின்போது அதுவும் பீப் என ஒலிக்கும். 650 வோல்ற்று-அம்பியர் எனக் குறிக்கப்பட்டவற்றுட் பல 400 வாற்றுக்கும் குறைவாகவே தாங்கும் என்பதை அறியாதோர், கணனியைக் கழற்றிப் பார்த்து ஏமாறுவர். துணை மின் இணைப்புக் கொடுக்கப்படாதபோது தாமே ஒலியெழுப்பிய கிராபிக்ஸ் அட்டைகளும் 2000களில் இருந்தன. ஒலி பெட்டியிலிருந்தன்றி வெளி ஒலிபெருக்கியிலிருந்து வருமாயின் அது வின்டோஸ் இயக்க முறைமையின் ஒலியாகலாம். 'சிப்ற்' சாவியை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால், இரு சாவிகளை ஒருங்கே அழுத்த இயலாதோருக்கென அமைந்த வசதி விழித்து ஒலிக்கும். ஓடுவதற்கு அச்சாவியைப் பயன்படுத்தும் விளையாட்டுகளில் இது அடிக்கடி நேர்வது. இது பழுதன்று, அமைப்பிற் சென்று அவ்வழைப்பை நிறுத்தினால் போதும்.

மூன்றாவது, ஒலி எவ்வாறு அமைகின்றது? ஒற்றையா, தொடர்ச்சியா, ஏறி இறங்குவதா, எத்தனை தடவை என்பதைக் குறித்துக்கொண்டு, தாய்ப்பலகையின் பெயரையும் அதன் பயோஸ் எந்நிறுவனத்தது என்பதையும் அறிந்து, அதற்குரிய கைநூலோடு ஒப்பிடவேண்டும். பிற கணனியின் அட்டவணையைக் கொண்டு பொருள் கொள்ளுதல் பிறமொழி அகராதியைப் புரட்டுவதற்கு ஒப்பாகும்.

வெப்பமே காரணமெனத் தோன்றின், விளையாட்டை நிறுத்தி வெப்பநிலையை அளந்து பார்த்தல் முதற்படி. பயோஸ் திரையில் காணும் எண் விளையாட்டு நின்றபின் உள்ள நிலையாதலால், விளையாடும்போதே அளக்கும் மென்பொருளைப் பயன்படுத்துதல் நன்று. அடுத்து, மின்னைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து, விசிறிகளையும் தகட்டடுக்குகளையும் அடைத்த தூசை அகற்றல் வேண்டும். விசிறிகள் யாவும் சுழல்கின்றனவா என நோக்கவேண்டும். பல ஆண்டுகள் பழகிய கணனியில் முறைவழியாக்கிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பங் கடத்தும் பசை உலர்ந்திருக்கலாம்; அதனைத் துடைத்துப் புதிதாக இடவேண்டும். விசிறி அறையின் காற்றையே உள்ளிழுப்பதாதலால் அறையின் வெப்பமும் கணக்கிற்குரியது. 20 பாகை செல்சியசு அறையில் அமைதியாயிருந்த கணனி, சித்திரை வெயிலில் 32 பாகை அறையில் ஏறத்தாழ 12 பாகை கூடுதலான வெப்பத்தோடு உழைக்கும். சுவரோடு ஒட்டிய பெட்டியைச் சற்று விலக்கி வைப்பதாலும் பயன் உண்டு.

எச்சரிக்கை எல்லையையும் சரிபார்த்தல் வேண்டும். பயோஸில் அவ்வெல்லை 60 அல்லது 70 பாகை எனக் குறிக்கப்பட்டிருப்பதுண்டு; அண்மைக் கால முறைவழியாக்கிகள் பலவற்றின் உச்ச வரம்போ 100 பாகை அளவினது. இந்நிலையில் ஒலி எழுந்தும் ஆபத்து இல்லாதிருக்கலாம். ஆயின் முறைவழியாக்கிக்கு அதன் ஆக்கியோர் குறித்த எல்லையை அறிந்த பின்னரே எச்சரிக்கையை உயர்த்துதல் தகும். அறியாது அணைத்தல் தகாது. இவற்றாலும் ஒலி அடங்காவிடத்து மாத்திரமே மின்வழங்கியையும் ஏனைய உறுப்புகளையும் மாற்றுவது பற்றிச் சிந்திக்கலாம். செலவற்ற சோதனைகள் முன்னும், செலவுடையன பின்னும் அமைதல் முறையாகும்.

முடிவுரை

எல்லாள மன்னன் தன் படுக்கையின் தலைப்பக்கத்தே மணியொன்றைத் தொங்கவிட்டு, நீதி வேண்டுவோர் அதன் நீண்ட கயிற்றை இழுக்குமாறு செய்தான் என மகாவம்சம் கூறும். அம்மணியின் பெருமை அதன் ஓசையில் இல்லை. ஓசை கேட்டதும் எழுந்து, வழக்கு யாது என மன்னன் வினவியதிலேயே உள்ளது. கயிற்றை அறுத்துவிட்டிருப்பின் அரண்மனையில் அமைதி நிலவியிருக்கும், வழக்குத் தீர்ந்திராது.

மஞ்செஸ்ரர் கணனியின் தட்டலோசை தொடக்கம் இன்றைய விளையாட்டுக் கணனியின் கூவல்வரை, எச்சரிக்கை ஒலி கேட்போனையும் அவன் அறிவையும் வேண்டி நின்றுள்ளது. அவ்வறிவு கைநூல்களில் இருந்து நழுவிக் கடைகளையும் ஆக்கியோரையும் சென்றடைந்த காலத்தில், ஒலி வெறும் இரைச்சலாயிற்று. அதனை மீண்டும் மொழியாக்குவதற்குப் பெரும் பொறியியற் கல்வி வேண்டியதில்லை. எப்பொழுது, எங்கிருந்து, எவ்வாறு என்னும் வினாக்களும், தன் கணனிக்குரிய கைநூலைத் தேடிப் படிக்கும் பொறுமையும் போதும். பொறி கூறுவதைக் கேட்டறியும் உரிமையைக் கைவிடாத சமூகமே, பொறியை வாங்குவதோடு நில்லாது அதனை உடையதாகவும் ஆகின்றது.